மிலிட்டரிக்குப் போன சீர்வரிசை

மிலிட்டரிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் ஆளே கிடைக்காமல் சின்னசேலத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறார்கள் என்ற செய்தி வந்தபோது நான் கொல்லையில் மரவள்ளிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தவள்தான். அந்தக் கிழங்கை அப்புறம் யார் வேகவைத்தார்கள், வேகவைத்தார்களா இல்லையா என்பதெல்லாம் இன்றுவரை எனக்குத் தெரியாது. தலைகால் புரியவில்லை என்பார்களே, அது எனக்கு நிஜமாகவே நடந்தது.

ஏன் அத்தனை ஆட்டம் என்று கேட்பீர்கள். சாதாரண நாளில் மிலிட்டரிக்கு ஆள் எடுப்பு என்றால் அந்த வட்டாரத்துச் சட்டை போட்ட, போடாத இளவட்டம் எல்லாம் திரண்டுவிடும். முதல் நாளே கடைகளில் வாழைப்பழம் தீர்ந்துபோகும். எடை ஏறுவதற்காக ஆளுக்கு ஒரு சீப்பு விழுங்கிவிட்டு, தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்துவிட்டு, வயிறு குலுங்க ஓடுவார்கள். நெரிசலில் பாதிப் பேர் மைதானத்துக்குள் நுழையக்கூட முடியாமல் அடி வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். எங்கள் மாமா இரண்டு தடவை அப்படிப் போய் இரண்டு தடவையும் திரும்பி வந்தவர். ஒரு தடவை எடை கம்மி. இன்னொரு தடவை கேட் வரைக்கும்தான் போக முடிந்தது.

மாமா என்றால் என் அத்தை மகன். எனக்கென்று பிறந்தவர் என்று ஊரே சொல்லும், நானும் அதை மறுத்தவள் இல்லை. என் அப்பாதான் நடுவில் நின்றார். அத்தை வீட்டில் குத்தகை நிலம்தான், சொந்த நிலம் கிடையாது. "மிலிட்டரியில சேந்துட்டான்னா நானே பொண்ண கைய புடிச்சிக் குடுக்கறன். இல்லைன்னா ஆத்தூருதான்" என்று அப்பா தீர்மானமாகச் சொல்லியிருந்தார். ஆத்தூர் என்றால் அங்கே ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கும் ஒரு குடும்பம். பெண் பார்க்க வேன் வைத்து வருவதாக இருந்தார்கள். அதற்காக எனக்கு அரக்குக் கலரில் சரிகை போட்ட புடவை ஒன்றும் எடுத்தாகிவிட்டது. மாமாவுக்கு இந்தத் தடவை விட்டால் வயசு தாண்டிவிடும். ஆக, அந்த மைதானத்தில் ஓடப்போவது அவர் கால் என்றாலும், போகப்போவது என் வாழ்க்கை.

இத்தனைக்கும் நடுவில் ரோட்டில் மரம் விழுந்தது. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. நைனார்பாளையம் பக்கத்தில் எங்கள் ஊர் உட்பட ஊருக்கு ஊர் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. லாரியில் கிளீனராக இருந்த என் அண்ணன் உளுந்தூர்பேட்டையில் லாரியோடு மாட்டிக்கொண்டான். எனக்கு முதலில் சந்தோஷம்தான். ஆத்தூர் வேன் எப்படி வரும்? மரம் அப்படியே கிடக்கட்டும் சாமி என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

எங்கள் ஊர் எல்லையில் மரம் வெட்டியவர்களில் மாமாவும் ஒருவர். என் அப்பாதான் அவர் கையில் கோடாலியைத் திணித்தவர். "இன்னா மாப்ள, மிலிட்டரிக்குப் போற கைய காட்டு பாக்கலாம்" என்று எல்லோர் எதிரிலும் சீண்டினார். மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, தனியாளாக நின்று வெட்டினார். மரம் முறிந்து ரோட்டில் விழுந்து, புழுதி அடங்கின பிறகுதான் பார்த்தார். கிளை ஒன்று வழவழவென்று கைப்பிடித் தேய்ச்சலோடு கிடந்தது. தினம் விடியற்காலையில் அவரும் அவர் கூட்டாளிகளும் தொங்கி இழுத்துப் பழகிய கிளை. மிலிட்டரியில் பீம் இழுக்கச் சொல்வார்களே, அதற்காகவே வைத்திருந்த மரம். அதை விட்டுவிட்டு வேறு மரத்தை வெட்டியிருக்கலாம் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமாவின் உள்ளங்கையில் பாக்கு அளவுக்குக் கொப்புளங்கள் வேறு.

இதற்கு அடுத்த நாள்தான் அந்தச் செய்தி வந்தது. கொண்டுவந்தவர் காலனியில் இருந்த மாமாவின் கூட்டாளி. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், ஒரே கிளையில் தொங்கினவர்கள். அம்மாவுக்கு மருந்து வாங்க வயல் வழியாகச் சின்னசேலம் போய்வந்தவர், எங்கள் கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு மாமாவிடம் சொன்னார்.

"மிலிட்டரிக்காரங்க மரம் உழுவறதுக்கு முன்னாடியே வந்துட்டாங்கடா. இப்ப மைதானத்துல ஆளே இல்ல. மலையிலர்ந்து கொஞ்சம் பேரு எறங்கி வந்திருக்காங்க, அவ்ளோதான். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போனா எடுத்துக்கறாங்களாம். சேலம் பக்கம் ரோட்ட போலீசு தெறந்துகினு வருது. தெறந்துட்டா லாரி ஏறிப் போயிடுவாங்க."

"போலாம்னா எப்பிட்ரா போறது? வயல்ல சுத்திப் போனா நேரத்துக்குச் சேர முடியாது, ரோட்டுல வயசுப் பையன பாத்தா புடிச்சி வேன்ல ஏத்தறான் போலீசு. மரம் வெட்டின கேசு ஒண்ணு உழுந்துச்சின்னா மிலிட்டரி அதோட போச்சு" என்றார் மாமா.

"ரோட்ட மறிச்சிக்கினு நிக்கற உங்காளுங்க மட்டும் இன்னா, வுடுவாங்களா? போராட்டத்த வுட்டுட்டு எங்கடா ஓடறீங்கன்னு கேப்பாங்க. உன்ன கேப்பாங்க. என்ன கேக்கக்கூட மாட்டாங்க, அடிப்பாங்க" என்றார் கூட்டாளி. அவர் சொன்னது மிகையில்லை. அந்த வாரம் ஊருக்கும் காலனிக்கும் பேச்சே இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நான் கிழங்குக் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தது இந்த இடத்தில்தான். "யார யார நிறுத்தாம வுடறாங்க?" என்று கேட்டேன்.

"சாவு, கல்யாணம், புள்ளத்தாச்சி. இதுக்குத்தான் வுடறாங்க" என்றார் கூட்டாளி.

எனக்குப் பின்னால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அண்ணி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "சீரு?"

நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"தாய்மாமன் சீரு. பொண்ணு சமைஞ்சி குடிசையில உக்காந்திருக்கு, தாய்மாமன் சீர் எடுத்துக்கினு போறாருன்னா எவன் நிறுத்துவான்? நிறுத்துனா அவன் வூட்டுப் பொம்பளைங்களே அவன தொடப்பத்தால அடிப்பாங்க."

அண்ணி அப்படித்தான். நாள் முழுக்கப் பேசமாட்டாள். பேசினால் அதற்கு மேல் வேறு யாரும் பேச எதுவும் இருக்காது.

தட்டுகள் எங்கள் வீட்டிலிருந்தும் அத்தை வீட்டிலிருந்தும் பெரியவர்களுக்குத் தெரியாமல் சேர்ந்தன. வாழைப்பழம், தேங்காய், வெல்லம், பொரிகடலை, வெற்றிலை பாக்கு, பூ. பூவும் வெற்றிலையும் போக மற்றதெல்லாம் எடை ஏற்றும் சாமான்தான். மைதானத்துக்குப் போய் அவர்களே தின்றுவிடலாம் என்பது எங்கள் கணக்கு. சீர் என்றால் மேலே புடவை வேண்டுமே? நான் உள்ளே போய் ஆத்தூர்க்காரர்களுக்காக எடுத்த அரக்குப் புடவையைக் கொண்டுவந்து தட்டின் மேல் வைத்தேன். மாமா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சும்மா காட்டறதுக்குத்தான்" என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினோம். மாமா, அவர் கூட்டாளி, ஊரில் ஓட்டம் பழகின இன்னும் மூன்று பேர், அண்ணி, நான். பெண்கள் இல்லாமல் சீர் உண்டா? அதனால் எங்களை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. எங்கள் ஊர் எல்லையில் காவல் இருந்தவர் என் அப்பா என்பதால் அந்த மரத்தை மட்டும் தொடாமல் கரும்புத் தோட்டத்துக்குள் புகுந்து சுற்றிப்போய் ரோட்டில் ஏறினோம்.

மேளத்துக்குப் புரட்டாசி பஜனைக்காகக் கோயிலில் வைத்திருந்த டோலக்கைத்தான் எடுத்து வந்திருந்தார்கள். அந்த மூவரில் ஒருவர் அதைக் காலனிக் கூட்டாளியிடம் நீட்டி, "நீ அடிச்சிக்கினு வாடா, உனக்குத்தான் வரும்" என்றார்.

கூட்டாளி கையை நீட்டவில்லை. "நான் தட்டு தூக்கறன். மோளத்த நீ அடி" என்றார்.

அண்ணிதான் வாழைப்பழத் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். டோலக்கு, நீட்டினவர் கழுத்திலேயே விழுந்தது. அவருக்குத் தெரிந்தது பஜனைத் தாளம் மட்டும்தான். வழி நெடுக அந்தத் தாளத்தைத்தான் போட்டுத் தள்ளினார். தாய்மாமன் சீருக்கு கோவிந்தா தாளம் அடித்துக்கொண்டு போன ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம்.

ரோடு முழுக்க மரம். ஒன்றைத் தாண்டினால் கண்ணுக்கெட்டும் தூரத்தில் அடுத்தது. இலை இன்னும் வாடவில்லை, வழி பூராவும் புளியந்தழை வாசனை. தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவர்கள் ஒவ்வொரு மரத்தையும் எகிறித் தாண்டினார்கள். வடக்கே கல்வராயன் மலை வெளுத்துக்கொண்டு வந்தது. பஸ்சும் லாரியும் இரைகிற ரோடு சத்தமே இல்லாமல் கிடக்க, நடுரோட்டில் நாங்கள் மட்டும் தட்டும் தாளமுமாக ஓடினோம். எனக்கு அன்றைக்கு இருந்த குஷிக்கு நானே மிலிட்டரியில் சேர்ந்திருப்பேன்.

மறித்து நின்றவர்கள் எல்லோரும் வழிவிட்டார்கள். "எந்த ஊரு? பொண்ணுக்கு இன்னா வயசு?" என்று கேட்டார்கள். அண்ணி சளைக்காமல் பதில் சொன்னாள். ஓரிடத்தில் ஒருவர் கூட்டாளியை உற்றுப் பார்த்து, "நீ யாரு பையன்?" என்றார். "எங்க வூட்டுப் புள்ள" என்றாள் அண்ணி, குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல். அவர் கிளையைத் தூக்கிப் பிடித்து வழி காட்டினார். கூட்டாளி தட்டை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அண்ணிக்குப் பக்கத்திலேயே நடந்தார்.

போலீஸ் அப்படி இல்லை. ஒரு வளைவு திரும்பியதும் மரத்துக்கு அந்தப் பக்கம் வேன் நின்றது. அதற்குள் ஏற்கனவே சில பையன்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் லத்தியை நீட்டி எங்களை நிறுத்தினார்.

"சீரா? எல்லாம் எறக்கி வச்சிட்டுக் கைய காட்டுங்கடா. கோடாலி புடிச்ச கை எதுன்னு பாத்துடலாம்."

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. தட்டுக்கு அடியில் அந்தக் கொப்புளங்கள் இருந்தன.

அண்ணி முன்னால் வந்தாள். "சார், சீர்த்தட்ட பாதி வழியில எறக்கக்கூடாதுங்க. எடுத்தா பொண்ணு இருக்கற வூட்டு வாசல்லதான் எறக்கணும். உங்க வூட்லயும் பொம்பளப் புள்ளைங்க இருக்கும்."

போலீஸ்காரர் அண்ணியைப் பார்த்தார், புடவைத் தட்டைப் பார்த்தார். அவர் மனசில் என்ன ஓடியதோ தெரியாது. லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்லா இருக்கட்டும், போங்க" என்றார். அந்த வளைவு மறையும் வரை மெதுவாக நடந்தோம். மறைந்ததும் ஓடின ஓட்டத்துக்கு மிலிட்டரியில் அங்கேயே சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

சின்னசேலம் எல்லையில் கடைசி மரம். வெயில் ஏறிவிட்டது. அங்கே நின்ற ஒருவர், "எந்தத் தெருவு?" என்று கேட்டார். அண்ணிக்குச் சின்னசேலத்தில் ஒரு தெருவும் தெரியாது. ஏதோ ஒரு கோயில் பெயரைச் சொல்லி அதற்குப் பின்னால் என்று அளந்துவிட்டாள். அவர் கண் விரிந்தது.

"அட! எங்க தெருவுதாம்மா! காலையிலர்ந்து அந்த அம்மா அழுதுகினு நிக்குது. தாய்மாமன் வரலன்னு இன்னும் தண்ணி ஊத்தல. விருத்தாசலம் பக்கமா நீங்க? வாங்க, வாங்க!"

அவர் மாமாவின் தோளில் கைபோட்டுக்கொண்டு முன்னால் நடக்க, இரண்டு மூன்று பேர் பின்னால் சேர்ந்துகொள்ள, டோலக்குக்காரர் பயத்தில் இன்னும் வேகமாக கோவிந்தா தாளத்தை அடிக்க, நாங்கள் யாரென்றே தெரியாத ஒரு வீட்டுக்குச் சீர் கொண்டுபோனோம்.

வாசலில் பந்தல். பக்கத்தில் பச்சை ஓலைக் குடிசை. அதற்குள்ளிருந்து இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன. பெண்கள் கூட்டமாக நின்றார்கள். நடுவில் ஒரு வயதான அம்மாள், பெண்ணின் அப்பாவைப் பெற்றவளாக இருக்க வேண்டும், "பொறந்த வூட்டுக்கு வக்கில்லன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். தாளச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பெண்ணின் அம்மா ஓடி வந்தாள். அழுது வீங்கிய முகம் எங்களைப் பார்த்ததும் மலர்ந்தது, அடுத்த கணமே குழம்பியது. எங்களில் ஒரு முகமும் அவளுக்குத் தெரியாது.

நான் அவள் பக்கத்தில் போய்க் காதோடு காதாக ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சீர் இல்லை, மிலிட்டரி, மத்தியானத்துக்குள் மைதானம், ஆத்தூர் வேன், எல்லாம். மாமியார் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். "யாருடி இது? உன் தம்பி இல்லியே?"

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "என் தம்பி மரத்துக்கு அந்தாண்ட மாட்டிக்கினு இருக்கான் அத்த. இது எங்க சித்தப்பா மவன். தம்பிதான் சீரோட அனுப்பியிருக்கான்." பிறகு மாமாவின் பக்கம் திரும்பி அவர் கையைப் பிடித்தாள். "ஏன்பா இவ்ளோ நேரம்? அக்கா உயிரே போயிடுச்சு."

அவள் சொன்ன விதத்தில் எனக்கே ஒரு கணம் அது நிஜம் என்று தோன்றியது. மாமாவுக்கு இரண்டு தங்கைகள் உண்டு, அக்கா கிடையாது. அவர் அவள் கையை விடாமல், "வழியில மரங்க்கா" என்றார்.

வாசலில் தட்டை இறக்கினோம். இனிமேல் திரும்ப எடுக்க முடியாது. வாழைப்பழம் போயிற்று, வெல்லம் போயிற்று, தேங்காய் போயிற்று. மாமாவின் எடை முழுக்க அந்தத் தட்டுகளில்தான் இருந்தது. புடவையை மாமா எடுத்துக் குடிசைக்குள் நீட்டியபோது சின்னதாக வளையல் போட்ட ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. அந்தப் புடவை கைமாறியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆத்தூர்க்காரர்களுக்காகக் காத்திருந்த புடவை, அதைவிட நல்ல வேலைக்குப் போய்விட்டது.

தண்ணீர் ஊற்றுவதற்குள் அந்த அக்கா எங்களை வீட்டுக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். மாமாவின் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, பெண்ணுக்காக அரைத்து வைத்திருந்த மஞ்சளை அள்ளிப் பூசினாள். "எடைக்கு இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுக்களைக்குள் போனாள். ஒரு தூக்குச்சட்டி நிறைய உளுந்தங்களி, மேலே நல்லெண்ணெய் மிதக்க. கூடவே மடி நிறைய நாட்டுக்கோழி முட்டை. சமைந்த பெண்ணுக்கென்று கிண்டி வைத்த களி.

"அவளுக்கு வேற கிண்டிக்கறன். இடுப்புக்கு நல்லது, உங்களுக்கும் ஆவும். ஓடுங்க" என்றாள்.

மைதானத்தில் கேட்டைச் சாத்தப் போனார்கள். கடைசியாக நுழைந்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். அண்ணியும் நானும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றோம். உள்ளே மலைக்காரப் பையன்கள் வேப்பமர நிழலில் அலுங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மலையில் ரோடே கிடையாது, பிறகு யார் அதை மறிப்பது? ஒற்றையடிப் பாதையில் இறங்கி நிம்மதியாக வந்துவிட்டார்கள்.

ஓட்டத்தில் கூட்டாளிதான் முதலில் வந்தார். மாமா கொஞ்சம் பின்னால், ஆனால் தேறினார். பள்ளம் தாண்டுவது ஒரு விஷயமே இல்லை. தலையில் தட்டோடு அத்தனை புளியமரங்களைத் தாண்டி வந்த கால்களுக்கு அது வாய்க்கால் மாதிரி. டோலக்குக்காரரும் மற்ற இருவரும் ஓட்டத்திலேயே நின்றுவிட்டார்கள், பாவம்.

பிறகு பீம். மாமா தாவிப் பிடித்தார். மஞ்சள் பூசின கை. முதலில் சரளமாக ஏறினார், இறங்கினார். நடுவில் முகம் கோணியது. கொப்புளம் உடைந்துவிட்டது, கம்பியில் மஞ்சளும் ரத்தமும் சேர்ந்து வழிந்தது. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அப்படியே தொங்கிக்கொண்டு நின்றுவிட்டார். "இழுடா! இழுடா!" என்று கூட்டாளி கத்தினார். மீசைக்கார மிலிட்டரி ஆள் கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வேலிமேல் ஏறிவிட்டேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "மாமா! ஆத்தூரு வேனு வருது மாமா! ஆத்தூரு வேனு!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார் பாருங்கள், மோவாய் கம்பிக்கு மேலே போயிற்று. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. மீசைக்காரர் போதும் என்று கையைக் காட்டிய பிறகும் இழுத்தார். அண்ணி என் புடவையைப் பிடித்துக் கீழே இழுத்து, "ஊரு மானமே போச்சு, ஆனா நல்லா இருந்துச்சு" என்றாள்.

எடை பார்ப்பதற்கு முன் கொஞ்ச நேரம் கிடைத்தது. வேலி ஓரமாக வந்த இருவருக்கும் கம்பி இடுக்கு வழியாகக் களியை உருட்டி உருட்டிக் கொடுத்தேன். முட்டையைப் பச்சையாக உடைத்து வாயில் ஊற்றிக்கொண்டார்கள். மீசைக்காரர் வந்து நின்றார். "க்யா ஹை யே?" என்றார். எங்களுக்கு இந்தி எங்கே தெரியும்? அண்ணி ஒரு உருண்டையை நீட்டினாள். வாங்கித் தின்றார். தலையை ஆட்டிவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மாமா எடையில் தேறினார். மயிரிழையில்தான், ஆனால் தேறினார். சமைந்த பெண்ணின் களியைத் தின்று மிலிட்டரியில் சேர்ந்த ஆட்கள் இந்தியாவிலேயே அந்த இருவராகத்தான் இருப்பார்கள்.

பெயர் கூப்பிட்டபோது இரண்டு பேர் பெயரும் வந்தது. நான் அண்ணியைக் கட்டிக்கொண்டு குதித்தேன். மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மஞ்சளும் ரத்தமுமான கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதற்குள் ரோடு திறந்துவிட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். சேலம் பக்கத்து ரோடு. உடனே லாரிகள் உறுமத் தொடங்கின. தேறினவர்கள் எல்லோரையும் வரிசையாக ஏறச் சொன்னார்கள். மிச்சமிருக்கும் டாக்டர் பரிசோதனை, எழுத்துப் பரீட்சை எல்லாம் அங்கே போய்த்தானாம், அப்படியே ட்ரெயினிங்காம். மறுபடி ஊருக்கு அனுப்பினால் இந்த மரங்களைத் தாண்டி எவன் திரும்பி வருவான் என்று அவர்களுக்குப் பயம்.

நான் வேலியைப் பிடித்தபடி நின்றேன். மிலிட்டரியில் சேர வேண்டும், சேர வேண்டும் என்று மாதக்கணக்காக உயிரை விட்டவள் நான். சேர்ந்தால் போய்விடுவார் என்பது அந்த லாரியின் பின்கதவை மேலே தூக்கி மாட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. மாற்றுச் சட்டைகூட இல்லை அவரிடம். அத்தையிடம் சொல்லிக்கொண்டுகூட வரவில்லை.

"போய்ட்டு கடுதாசி போடறன் புள்ள" என்று கத்தினார் மாமா. பக்கத்தில் நின்ற கூட்டாளி, "நான் பாத்துக்கறன், நீ அழுவாத" என்றார். நான் அழவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. தூக்குச்சட்டியை லாரிக்குள் எறிந்தேன். யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

அந்த அக்கா வீட்டில் காலித் தட்டுகளை வாங்கி அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு அண்ணியும் நானும் வந்த வழியே நடந்தோம். ஓட்டத்தில் நின்றுபோன மூவரும் போலீசுக்குப் பயந்து வயல் வழியாகப் போய்விட்டார்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் காலையில் பார்த்த அதே ஆட்கள் கேட்டார்கள்: "சீரு நல்லா நடந்துச்சாம்மா?"

"நல்லா நடந்துச்சுங்க. தாய்மாமன் மட்டும் அங்கியே நின்னுட்டாரு" என்றாள் அண்ணி. எல்லா மரத்தடியிலும் அதையே சொன்னாள்.

வெயில் தாழ்ந்தபோது எங்கள் ஊர் மரத்துக்கு வந்தோம். இந்தத் தடவை சுற்றிப்போக எனக்குத் தெம்பும் இல்லை, மனசும் இல்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றார். காலையிலிருந்து தேடியிருக்கிறார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தட்டுகளைப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்தார்.

"எங்க போய்ட்டு வர?"

"உங்க மாப்பிள்ளைய மிலிட்டரியில சேத்துட்டு வரன்பா. அந்தப் பொடவ போச்சு. சீர் குடுத்துட்டன்" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அண்ணிகூட ஒரு அடி முன்னால் வந்து நின்றாள். அப்பா மரத்தின் வெட்டு வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அவன் கை கொப்பளமா இருந்துச்சே?"

"ஒடஞ்சி ரத்தம் வந்துச்சு. அப்பவும் இழுத்துட்டாரு."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் கோடாலிய குடுத்தன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு மரத்தின் மேல் ஒரு காலை ஊன்றி, என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டினார். "ரோடு தெறக்கட்டும், ஆத்தூருக்கு ஆள் அனுப்பறன். வர வாணாம்னு சொல்றதுக்கு."

நான் கேட்கவேண்டும் என்று தவம் கிடந்த வார்த்தை அதுதான். அதைக் கேட்டதும் சிரித்திருக்க வேண்டும். அப்பாவின் கையைப் பிடித்து ஏறினவள் அப்படியே மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கீழே அந்தக் கிளை கிடந்தது, அவர் கை பட்டுத் தேய்ந்த இடம் பளபளவென்று. பஸ் வந்தால்தானே கடிதம் வரும்? அந்த மரம் அங்கேயே கிடக்கட்டும் என்று நேற்றுவரை விளக்கேற்றி வேண்டியவள் நான்.

"எப்பப்பா இந்த மரத்த எடுப்பீங்க?" என்று கேட்டேன்.